மரக்கிளை இறக்கும் பணியில் எஃகுக் கராபினரும் அலுமினியக் கராபினரும்

2019ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் பூரிக்கு அருகே கரையேறிய ஃபோனி புயலும், 2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் வங்கக் கரையைக் கடந்த அம்பான் புயலும் புவனேசுவரத்திலும் கொல்கத்தாவிலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தன. ஹவுராவிலுள்ள இந்தியத் தாவரவியல் தோட்டமும் அம்பான் புயலுக்குத் தப்பவில்லை. வெட்டவெளியில் தரையோடு வீழ்ந்துவிட்ட மரத்தைத் துண்டுபோட்டு அகற்றுவது ஒப்புநோக்க எளிய வேலை. பாதி முறிந்து, ஒரு பள்ளிக்கூடத்தின் கூரைமீதோ மின்கம்பியின்மீதோ சாய்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை அகற்றுவதே அரிய வேலையாகும். அதனை அறுத்துக் கீழே தள்ள இயலாது. கயிற்றில் கட்டி, அறுத்து, மெல்ல இறக்கவே வேண்டும்.

இவ்வாறு இறக்கும் முறையின் அமைப்பு பழமையானது. மரமேறுபவர் உயரத்தில் ஒரு கப்பியைத் தண்டிலோ தடித்த கிளையிலோ கட்டுகிறார். இறக்குகயிறு அக்கப்பியின் வழியே சென்று, ஒரு முனையில் அறுக்கப்படும் கிளையோடும், மறு முனையில் அடிமரத்திற்கு அருகே நிற்கும் தரைப்பணியாளரோடும் சேர்கிறது. தரையில் நிற்பவர் கயிற்றை அடிமரத்தில் சில சுற்றுகள் சுற்றியோ, அதற்கென அடிமரத்தில் பொருத்திய உலோக உருளையில் சுற்றியோ, உராய்வினால் பாரத்தைத் தாங்குகிறார். கயிற்றைக் கிளையோடும், கப்பியைத் தண்டோடும், ஏறுபவரைத் தம் கயிற்றோடும் இணைக்க முன்னாளில் முடிச்சுகளே பயன்பட்டன. அண்மைக் காலத்தில் அவ்விடங்களில் எல்லாம் கராபினர் எனப்படும் வாய்திறக்கும் உலோக வளையம் புகுந்துவிட்டது. ஒரு நொடியில் மாட்டலாம், ஒரு நொடியில் கழற்றலாம் என்பதே அதன் கவர்ச்சி. பல அலுவலகங்களில் கொள்முதல் பட்டியல் எழுதும்பொழுது எழும் வினா, எஃகில் வாங்குவதா அலுமினியத்தில் வாங்குவதா என்பதாகும். விலையையும் எடையையும் மட்டும் நோக்கி விடை கூறக்கூடிய வினா அன்று இது. தவறான விடையின் விளைவு, கப்பிக்கு அடியிலே நிற்கும் ஒரு மனிதரின் தலைமீது விழும்.

கராபினர் என்னும் சொல் குதிரைப்படையினர் தம் குறுந்துப்பாக்கியைத் தோள்வாரில் மாட்டிவைத்த கொக்கியின் ஜெர்மானியப் பெயரிலிருந்து வந்தது. தீயணைப்புப் படையினர் கையாண்ட பேரிக்காய் வடிவக் கொக்கியைக் கண்டு, மியூனிக் நகரத்து மலையேறியான ஆட்டோ ஹெர்சாக் என்பவர் 1910ஆம் ஆண்டையொட்டி அதனைப் பாறையேற்றத்திற்குக் கொணர்ந்தார் எனக் கூறுவர். அக்காலக் கராபினர்கள் யாவும் எஃகினால் ஆனவை. 1930களின் பிற்பகுதியில்தான் அலுமினியக் கலவையில் அவற்றைச் செய்யும் முயற்சிகள் தொடங்கின. பிரான்சு நாட்டு மலையேறி பியேர் அலேன் அவற்றுள் முன்னோடி. மலையேறுபவர் பல கராபினர்களைத் தம் உடலிலேயே சுமந்து செல்ல வேண்டியிருந்தமையால் எடைக்குறைவு அவருக்குப் பெரும் பேறாயிற்று. மரப்பணிக்கு வந்த அலுமினியக் கராபினரும் மலையேற்றத்திற்கென வகுக்கப்பட்ட அதே கருவியே என்பதை நினைவில் கொள்ளுதல் நலம். மனிதனைத் தாங்குவதற்காகப் பிறந்தது அது. மரத்துண்டுகளைத் தாங்குவதற்காகப் பிறந்ததன்று.

இரு உலோகங்களின் இயல்பு

ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் நிறை ஏறத்தாழ 7.8 கிராம், அலுமினியக் கலவையின் நிறை ஏறத்தாழ 2.8 கிராம். நல்ல கராபினர்களுக்குப் பயன்படும் அலுமினியம் தூய அலுமினியம் அன்று. துத்தநாகமும் மக்னீசியமும் சிறிதளவு செம்பும் கலந்து, சூடேற்றி, நீரில் தோய்த்து, பின்னர் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நெடுநேரம் வைத்துப் பதப்படுத்தப்பட்ட கலவை அது. இப்பதத்தினால் அது சாதாரண இரும்புக் கம்பியைக் காட்டிலும் வலிமை பெறுகிறது. ஆகவே அலுமினியம் என்றவுடன் சமையற் பாத்திரத்தை நினைத்து அதனை மென்மையானதெனத் தள்ளுவது பொருந்தாது. உலோகத்தின் மேற்புறத்திலே 22 அல்லது 25 கிலோநியூட்டன் என அச்சிடப்பட்டிருக்கும் அலுமினியக் கராபினரும், அதே எண் அச்சிடப்பட்ட எஃகுக் கராபினரும், புதியனவாகவும் நேராகவும் இழுக்கப்படும்பொழுது ஒரே அளவு விசையைத் தாங்கும். எண்ணே வலிமையைச் சொல்லும். உலோகத்தின் பெயர் அதனைச் சொல்லாது. எஃகு என்ற ஒரே காரணத்திற்காக மலிவான கராபினரை நம்பிப் பாரம் ஏற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வேறுபாடு புதிதாக இருக்கும்பொழுது தோன்றுவதில்லை. உழைக்க உழைக்கத் தோன்றுகிறது. முதலாவது, அலுமினியம் எஃகைவிட மென்மையான மேற்பரப்பு உடையது. மண்ணும் மணலும் படிந்த கயிறு அதன்மீது ஓடும்பொழுது அரம்போல் அராவுகிறது. எஃகுக் கம்பிவடத்தின் கண்ணோ எஃகுக் கப்பியின் காதோ அதில் மாட்டப்பட்டால் தேய்வு இன்னும் விரைந்து நிகழும். தேய்ந்த பள்ளத்தின் விளிம்பு கூர்மையாகிப் பின்பு கயிற்றையே அறுக்கக்கூடும். இரண்டாவது, உலோகச் சோர்வு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த பாரத்தை எத்துணை முறை ஏற்றி இறக்கினாலும், துருப்பிடிக்காத எஃகுப்பொருள் பெரும்பாலும் சோர்வினால் முறிவதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய திட்டமான எல்லை இல்லை. சிறு பாரமாயினும் ஒவ்வொரு முறையும் தன் ஆயுளில் ஒரு துளியை அது செலவிடுகிறது. மனிதனின் எடையை மட்டும் தாங்கும் கராபினருக்கு இது பொருட்படுத்தத் தக்கதன்று. அதன் வலிமையில் சிறு பங்கே பயன்படுகிறது. நாள்தோறும் பல துண்டுகளை உதறலோடு இறக்கும் கராபினருக்கோ இது பொருட்படுத்த வேண்டியதே. மூன்றாவது, நசுக்கப்படுதல். கிளையோடு கட்டிய கராபினர், அறுபட்ட துண்டோடு சேர்ந்து தண்டின்மீது மோதும், தரையில் விழும், சில சமயம் துண்டின் அடியிலேயே அகப்பட்டுக்கொள்ளும். அத்தகைய முரட்டு வாழ்க்கைக்கு எஃகே ஏற்றது.

எண்ணின் பொருள்

அச்சிட்ட எண் குறிப்பது பொருள் முறியும் விசையை. அன்றாடம் ஏற்றத்தக்க பாரம் அதனினும் மிகக் குறைவு. ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 102 கிலோகிராம் நிறையின் எடைக்குச் சமம். பாரம் இறக்கும் உலோகக் கருவிகளுக்கு முறியும் விசையில் ஐந்தில் ஒரு பங்கையே பணிப்பாரமாகக் கொள்வது பரவலான வழக்கம். அவ்வாறு கொண்டால் 23 கிலோநியூட்டன் கராபினரின் பணிப்பாரம் 4.6 கிலோநியூட்டன், 50 கிலோநியூட்டன் எனக் குறித்த பெரிய எஃகுக் கராபினரின் பணிப்பாரம் 10 கிலோநியூட்டன்.

இவ்வெண்ணும் கராபினரின் நீளவாக்கில், வாய்க்கதவு மூடிய நிலையில் இழுக்கும்பொழுது மட்டுமே பொருந்தும். மலையேற்றக் கராபினர்களுக்கான ஐரோப்பியத் தரம் 12275, சாதாரண வகைக்கு நீளவாக்கில் 20 கிலோநியூட்டனைக் கேட்கிறது. குறுக்குவாக்கிலும், வாய் திறந்த நிலையிலும் 7 கிலோநியூட்டனையே கேட்கிறது. மூடிய வளையமாக இருக்கும்பொழுது பாரத்தை இரு புறமும் பகிர்ந்துகொள்ளும் பொருள், வாய் திறந்தவுடன் வெறும் கொக்கியாகி வளையத் தொடங்குகிறது. வலிமை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மரத்தில் இது நிகழ்வதற்கு வாய்ப்பு மிகுதி. கிளையைச் சுற்றிக் கட்டிய கராபினரின் முதுகு கிளையின் வளைவிலே குறுக்காகத் தங்கிவிடும். ஒரு சிறு குச்சியின் முளை வாய்க்கதவை உள்நோக்கி அழுத்தும். திருகு உறை கிளையின்மீது உருண்டு தானே கழன்றுகொள்ளும். இக்குறைகள் எஃகுக்கும் உண்டு. ஆயினும் 50 கிலோநியூட்டன் எஃகுக் கராபினர் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்த பின்னரும் கையில் எஞ்சியிருப்பது, 23 கிலோநியூட்டன் அலுமினியக் கராபினரில் எஞ்சுவதைவிட மிகுதியாகும்.

ஒரு துண்டின் கணக்கு

பச்சை மரத்தின் நிறை மரத்திற்கு மரம் மாறுபடினும், பல மரங்களில் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ ஒரு டன் எனக் கொண்டு மதிப்பிடலாம். 40 சென்டிமீட்டர் விட்டமும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டின் கன அளவு 0.1 கன மீட்டர். எனவே அதன் நிறை ஏறத்தாழ 100 கிலோகிராம். பார்ப்பதற்குச் சிறிய துண்டு. அடுப்புக்கு விறகு பிளப்போர் உருட்டிச் செல்லும் அளவே. அசையாமல் தொங்கும்பொழுது அது கயிற்றிலே ஒரு கிலோநியூட்டன் விசையை உண்டாக்குகிறது. கப்பியில் கயிற்றின் இரு பக்கமும் கீழ்நோக்கி இழுப்பதால், கப்பியைத் தாங்கும் கட்டில் ஏறத்தாழ இரண்டு கிலோநியூட்டன் ஏறுகிறது. இதில் யாதொரு அச்சமும் இல்லை.

ஆனால் நிற்கும் தண்டின் தலையை அறுக்கும்பொழுது கப்பி வெட்டுக்குக் கீழே இருக்கும். துண்டு கவிழ்ந்து, கப்பியைத் தாண்டிக் கீழே விழுந்த பின்னரே கயிறு இறுகும். அது ஒரு மீட்டர் தடையின்றி விழுந்து, மேலும் அரை மீட்டருக்குள் நிறுத்தப்படுவதாகக் கொள்க. 1.5 மீட்டர் வீழ்ச்சியில் பெற்ற சக்தி முழுவதையும் 0.5 மீட்டர் தொலைவிலே கயிறு உறிஞ்ச வேண்டும். ஆதலால் சராசரி விசை துண்டின் எடையைப்போல் மூன்று மடங்கு, அஃதாவது ஏறத்தாழ 3 கிலோநியூட்டன். கயிறு சுருள்வில்லைப்போல் நீண்டு நிறுத்துமாயின் விசை சுழியிலிருந்து படிப்படியாக ஏறுவதால், உச்ச விசை சராசரியின் இரு மடங்காகும். ஏறத்தாழ 6 கிலோநியூட்டன். கப்பிக் கட்டில் அது மீண்டும் இரட்டித்து 12 கிலோநியூட்டனை எட்டும். தண்டின் அசைவும் உராய்வும் இதனைச் சற்றே குறைக்கும் என்பது உண்மை. எனினும் அவற்றை நம்பிக் கருவி தேர்வது அறிவுடைமை ஆகாது.

இவ்வெண்களைப் பணிப்பாரத்தோடு ஒப்பிட்டால் விடை தெளிவாகும். கயிற்றின் பாரமுனையில் 6 கிலோநியூட்டன்: 4.6 பணிப்பாரமுடைய அலுமினியக் கராபினருக்கு இது மிகுதி; 10 பணிப்பாரமுடைய எஃகுக் கராபினருக்கு இது அடங்கும். கப்பிக் கட்டில் 12 கிலோநியூட்டன்: இரண்டுமே போதா. ஆகவே தண்டின் தலையை இறக்கும் வேலையில் கப்பியைக் கராபினரில் தொங்கவிடுதல் எந்த உலோகத்திலும் தகாது. அதற்கெனச் செய்யப்பட்ட கனமான கப்பியின் அச்சிலேயே தடித்த ஸ்லிங்கை நேரடியாகக் கோத்துத் தண்டில் கட்டுவதே முறை. உலோக இணைப்பு வேண்டுமாயின், பணிப்பாரம் குறித்த வில் வடிவ ஷாக்கிள் பொருத்தமானது. வாய்க்கதவு இன்மையே அதன் சிறப்பு. அதன் ஆணி அதிர்வில் கழலாதபடி கம்பியால் கட்டிவைத்தல் வேண்டும்.

இதே கணக்கு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. தரைப்பணியாளர் கயிற்றை உடனே இறுக்கிப் பிடியாமல், இடம் இருக்குமாயின், மூன்று மீட்டர் ஓடவிட்டு மெல்ல நிறுத்தினால், சராசரி விசை 1.3 கிலோநியூட்டனுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு உலோகங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் கயிறு பிடிப்பவர் கையின் பழக்கமே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. பயிற்சிகளில் மேலே ஏறுபவருக்கே நேரமெல்லாம் செலவிடப்பட்டுத் தரையில் நிற்பவர் நாட்கூலியாளாகக் கருதப்படும் வழக்கம் இருக்குமிடங்களில் இக்கணக்கைச் சுவரில் எழுதிவைக்கலாம்.

எவ்விடத்தில் எது

ஏறுபவரின் பாதுகாப்பு பெல்ட்டிலும், அவர் தொங்கும் கயிற்றிலும் அலுமினியக் கராபினர் தகுதியுடையதே. ஒவ்வொன்றும் 80 கிராம் அளவே இருப்பதால், பத்து கராபினர்களைச் சுமப்பவருக்கு ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமை குறைகிறது. நாள் முழுதும் மரத்திலிருப்பவருக்கு இது சிறு உதவியன்று. களைத்த கையே தவறு செய்யும் கை. ஆனால் அது தானே மூடித் தானே பூட்டிக்கொள்ளும் வகையாக இருத்தல் வேண்டும். அமெரிக்க மரப்பணிப் பாதுகாப்புத் தரமான இசட் 133, ஏறுபவரைத் தாங்கும் கராபினர் தானே மூடி இரட்டைப் பூட்டாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றும், குறைந்தது 22.24 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கம்பி உள்ளிட்ட இடைக்கயிற்றைத் தண்டைச் சுற்றிப் பயன்படுத்துவோர், அதன் முனையில் மட்டும் எஃகை மாட்டுவது தேய்வைத் தடுக்கும்.

இயந்திர வாளையோ தண்ணீர்க் குடுவையையோ மேலே இழுக்கும் கயிற்றுக்கு அலுமினியம் போதும். சிறு கிளைகளைத் தடையின்றி விழவிடாமல், முன்னரே இறுக்கிய கயிற்றில் இறக்கும் மெல்லிய வேலைக்கு எஃகுக் கராபினர் பாரமுனையில் வசதியானது. அப்பொழுதும் கராபினருக்கு மேலே கிளையில் கயிற்றை ஒருமுறை அரைமுடிச்சாகச் சுற்றி, பாரத்தின் பெரும்பகுதியை அம்முடிச்சே ஏற்குமாறு செய்தல் நன்று. பருத்த துண்டுகளுக்குக் கராபினரையே விலக்கி, சுருக்கு முடிச்சைக் கட்டுவதே இன்றும் மேலானது. முடிச்சுக்கு வாய்க்கதவு இல்லை; குறுக்குவாக்கு என்பதும் இல்லை. அதனை அவிழ்க்கச் செலவாகும் அரை நிமிடத்தை வீண் என்று கருதுவோர், கராபினர் கழன்ற துண்டு எங்கே விழும் என்பதையும் கருத வேண்டும்.

கராபினரையே கப்பியாகக் கொண்டு அதன் வழியே இறக்குகயிற்றை ஓடவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது இரு உலோகங்களிலும் தீது. கராபினரின் உடல் 12 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதன்மீது அதே தடிப்புள்ள கயிறு மடங்கும்பொழுது வெளிப்புற இழைகள் மிகையாக நீண்டு, கயிறு தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கிறது. விரைந்து ஓடும் கயிற்றின் உராய்வு வெப்பமும் ஓரிடத்திலே குவிந்து, நைலான் இழைகளின் மேற்புறத்தை உருக்கிப் பளபளப்பாக்கும். அவ்வாறு பளபளத்த கயிறு உள்ள இடத்தில் கருவியை ஆராய்வதற்கு முன்னர்ப் பழக்கத்தை ஆராய வேண்டும்.

மனிதருக்கும் மரத்திற்கும் ஒரே கராபினர் கூடாது என்பது எல்லாவற்றினும் முதன்மையான விதி. துண்டுகளை இறக்கி உதறல் கண்ட கராபினர், மறுநாள் ஏறுபவரின் பெல்ட்டில் இருத்தல் ஆகாது. எஃகை மரத்திற்கும் அலுமினியத்தை மனிதருக்கும் ஒதுக்கிவிட்டால், இருளிலும் கையின் எடையறிவே இரண்டையும் பிரித்துக் காட்டும். இதுவும் உலோகத் தேர்வின் ஒரு நற்பயன்.

தேய்வும் துருவும்

பூரி, மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை நகர்களில் உப்புக்காற்று இரண்டையும் தாக்கும். எஃகு துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். முலாம் போன இடத்தில் செந்நிறம் எழுந்து எச்சரிக்கும். அலுமினியக் கலவையிலோ வெண்பொடி படிந்து, அதன் அடியில் நுண்குழிகள் விழுகின்றன; பொடியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பவருக்கே அவை புலனாகும். இரு உலோகங்களும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டே நெடுநாள் கிடந்தால் அலுமினியமே அரிக்கப்படும். ஆதலால் ஈரமான எஃகுக் கருவிகளையும் அலுமினியக் கருவிகளையும் ஒரே சாக்கில் இட்டுவைக்கலாகாது. உப்பு படிந்தவற்றை நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வாய்க்கதவின் கீலில் ஒரு துளி மசகு இடுதல் போதுமானது.

பணிக்கு முன் ஒவ்வொரு கராபினரையும் கையில் எடுத்து வாய்க்கதவைத் திறந்து விடுக. அது தானே விரைந்து மூடிப் பூட்டாவிடில் ஒதுக்கிவிடுக. உடலில் கயிறு பதியும் இடத்தை நகத்தால் தடவினால் பள்ளம் தெரியும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கண்டால் அதன் காலம் முடிந்தது. வளைவு, பிளவு, வாய்க்கதவு விலகி நிற்றல் இவற்றுள் ஒன்று காணினும் அதுவே விதி. இடுப்பளவு உயரத்திலிருந்து ஒருமுறை கைநழுவி விழுந்தாலே அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பிளவுகள் உண்டாகிவிடும் என்னும் அச்சம் மிகையானது. பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து கற்பாதையில் விழுந்ததைப் பற்றி ஐயமே கூடாது. அதனை நீக்கிவிடுதல் அதன் விலையைக் காட்டிலும் மலிவு. நீக்கியதை இரண்டாக அறுத்த பின்னரே குப்பையில் இடுக. இல்லையேல் யாரேனும் அதனை மீண்டும் பெட்டியில் சேர்த்துவிடுவர். அடையாளத்திற்காக முதுகில் உளியால் எண் வெட்டுவதும் தீயில் காய்ச்சுவதும் கூடா. முன்னது பிளவுக்கு வித்திடும்; பின்னது அலுமினியத்தின் பதத்தைக் கெடுக்கும். வண்ண நாடா ஒட்டினால் போதும்.

பள்ளியில் காட்டத்தக்கவை

உதறல் விசையை விளக்க ஆசிரியருக்கு மரம் தேவையில்லை. அரை கிலோகிராம் கல்லைத் தாங்கி நிற்கக்கூடிய தையல் நூலொன்றை எடுத்து, கல்லைத் தொங்கவிட்டுக் காட்டுக. பின்பு அதே கல்லை ஒரு சாண் உயர்த்தி விடுக, நூல் அறுந்துவிடும். நூலுக்கும் ஆணிக்கும் இடையே சில ரப்பர் வளையங்களைச் சேர்த்து மீண்டும் செய்தால், கல் துள்ளி நிற்கும், நூல் அறாது. கல்லும் மாறவில்லை, வீழ்ச்சியும் மாறவில்லை. நிறுத்தும் தொலைவு மட்டுமே மாறிற்று.

வண்ணம் பூசி விற்கப்படும் கராபினர் எவ்வுலோகம் என்பதை அறிவதும் நல்ல வகுப்புப் பாடமாகும். 240 கிராம் நிறையுள்ள எஃகுக் கராபினரை அளவுகலத்து நீரில் அமிழ்த்தினால் நீர் ஏறத்தாழ 31 கன சென்டிமீட்டர் உயரும். 80 கிராம் நிறையுள்ள அலுமினியக் கராபினர் ஏறத்தாழ 29 கன சென்டிமீட்டர் உயர்த்தும். வகுத்துப் பார்க்கும் மாணவர் அடர்த்தியைக் கண்டு உலோகத்தைக் கூறிவிடுவர். காந்தமும் உதவும், ஆயினும் துருவேறா எஃகின் சில வகைகள் காந்தத்தில் ஒட்டுவதில்லை என்பதால் அதனை மட்டும் நம்பலாகாது. கிலோநியூட்டன் எண்ணும் தரக்குறியும் இல்லாது கடைகளில் சாவிக்கொத்துக்காக விற்கும் வண்ண வளையங்களையும் இச்சோதனைக்கு வைக்கலாம். அவையும் அலுமினியமே என்று விடை வரும்பொழுது, உலோகத்தின் பெயர் வலிமையின் பெயர் அன்று என்பதை மாணவர் தாமே கூறுவர்.